ஏ/எல்லுக்குப் பின்னால்

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் நின்று முகுந்தன் என்று கூப்பிட்டால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அபூர்வமான பெயர் இல்லை. ஆகவே எங்கள் அலுவலகத்துக்கு இரண்டாவதாக ஒரு முகுந்தன் வந்தபோது யாருக்கும் எதுவும் தோன்றாததை நான் குறையாகச் சொல்லவில்லை.

முதல் முகுந்தன் என் கணவர். இருவரும் ஒரே பிரிவில் இருந்தோம். துறைமுகத்துக் குளிர்பதனக் கிடங்குகளுக்கான சர்வர்களைக் கவனிப்பது எங்கள் வேலை. எந்த சர்வருக்கு யார் பொறுப்பு, அவருடைய கைப்பேசி எண் என்ன, அவசரத்துக்கு வீட்டில் யாரை அழைப்பது, எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும். அவர் எழுதிய புரோகிராம் அதை மேலிருந்து கீழாகப் படித்து, படித்தபடி செய்துவிடும். புதிதாக வந்தவருடைய அட்டைக்குக் கதவு திறக்கும். விலகியவருக்குத் திறக்காது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்ததற்குக் காரணம் தன் சோம்பேறித்தனம்தான் என்பார்.

ஒருமுறை மனிதவளப் பிரிவில் அடையாள அட்டையில் உள்ளபடி பெயர்களை ஃபைலில் ஏற்றிவிட்டார்கள். முகுந்தன் ஏ/எல் சபாபதி என்று, அதாவது சபாபதியின் மகன் முகுந்தன். மகள் என்றால் ஏ/பி. புரோகிராமுக்குப் பெயர் என்றால் ஒரே சொல். இடைவெளி விட்டால் அடுத்து எண்ணோ முகவரியோ வர வேண்டும். ஏ/எல் என்பது என்னவென்று புரியாமல் அது நின்றுவிட்டது. நம்மவர்கள் இருந்த ஒவ்வொரு வரியிலும் நின்றது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு விதி சேர்த்தார்: ஏ/எல் வந்தாலும் ஏ/பி வந்தாலும் அப்பா பெயர் முடியும்வரை கண்ணை மூடிக்கொள்.

"மெஷினுக்கு அப்பன் பேரு எதுக்கு லா," என்றார். "அது என்ன பொண்ணு பாக்கவா போவுது?"

அப்போது நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்த விதியைப் படித்துக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கச் சங்கடப்பட வேண்டாம்.

கிள்ளான் ரயில் நிலையத்தில், இறங்கிய இடத்திலேயே அவர் இறந்துபோனார். நான் ஃபைலில் அவர் வரியைத் தொடவில்லை. அவருடைய சர்வர்களை நான் பார்த்துக்கொண்டேன். பொறுப்பாளர் அவராகவே இருந்தார். தினமும் காலையில் எல்லா சர்வர்களும் பதில் சொன்னதும், அவர் தமக்குத் தாமே எழுதி வைத்திருந்த செய்தி அவர் கைப்பேசிக்கு வரும்: "முகுந்தா, எல்லாம் ஓகே லா." அந்தக் கைப்பேசியை நான் சார்ஜ் செய்து தலையணைப் பக்கத்தில் வைத்திருந்தேன். அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருப்பேன். நான் வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

பிறகு மாரிமுத்துவின் மகன் மேலாளராக வந்தார். முகுந்தன் ஏ/எல் மாரிமுத்து. கெட்டவர் இல்லை. கலகலப்பானவர். பெயர்ப்பலகை மாற்றத் தேவையில்லை என்று என் கணவருடைய பலகையைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

"ஆன்டி, நீங்க குடுத்து வச்சவங்க லா," என்றார். "ஒரு முகுந்தன் போனா இன்னொரு முகுந்தன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருடைய வரி ஃபைலில் என் கணவர் வரிக்குக் கீழே சேர்ந்தது. அப்பா பெயரைத் தாண்டிப் போகும் புரோகிராமுக்கு இரண்டும் ஒரே ஆள். ஒரே ஆளைப் பற்றி இரண்டு தகவல் இருந்தால், கீழே உள்ளதை எடுத்துக்கொள்ளும். மறுநாள் காலை என் தலையணைப் பக்கம் சத்தம் வரவில்லை. அலுவலகம் போனபோது மாரிமுத்துவின் மகன் தன் கைப்பேசியை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். மெஷின் தன்னைச் செல்லமாகக் கூப்பிடுகிறதாம்.

காரணத்தைச் சொன்னேன். செய்தியை மட்டும் பழைய எண்ணுக்குத் திருப்பிவிடலாமா என்று கேட்டேன். அன்பாகத்தான் பதில் சொன்னார்.

"ஃபைலுக்குள்ள ஆவியெல்லாம் எதுக்கு ஆன்டி? அங்கிள மறைந்தோர்ல போட்டுடுங்க. முடிஞ்சிச்சு."

மறைந்தோர் என்பது ஃபைலின் கடைசிப் பகுதி. அங்கே ஒரு பெயர் வந்தால் அவருடைய அட்டையும் கணக்குகளும் உடனே முடக்கப்படும். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவருக்கு நிறுவனத்தின் அனுதாபச் செய்தி போகும். மேலாளர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஃபைலைத் திறந்து, மறைந்தோர் பகுதியில் என் கணவர் பெயரை எழுதினேன். முகுந்தன் ஏ/எல் சபாபதி. ஓர் எழுத்தும் பிசகவில்லை. நீங்கள் சரிபார்த்திருப்பீர்கள்.

எந்த நாளில் எழுதுவது என்பதை மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன். மாரிமுத்துவின் மகன் சர்வர் அறைச் சோதனைக்குப் போகும் நாள் அது. கைப்பேசியை வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளேயிருந்து வெளியே வருவதற்கும் அட்டை வேண்டும். அவர் உள்ளே போன பிறகுதான் எழுதினேன். அவர் கண்ணாடிக் கதவில் அட்டையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு சட்டையில் துடைத்துவிட்டுத் தேய்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையாட்டினார். நானும் ஆட்டினேன்.

பெட்டிக்குள் அவர் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா என்று திரையில் தெரிந்தது. ஃபைலில் அவர் வரியில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரும் அம்மாதான். செமினியில் தனியாக இருந்த அவர் அம்மா பவுனம்மாளுக்கு நெஞ்சு பலவீனம் என்பதும், திடீரென்று போன் செய்தால்கூடப் படபடத்துப்போவார் என்பதும் எனக்குத் தெரியும். மகனே சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறார். சத்தம் நின்ற பிறகுதான் நான் காவலாளியைக் கூப்பிட்டேன்.

பவுனம்மாள் சாகவில்லை. அதை எனக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். போனைக் கையில் வைத்தபடி அடுப்படியில் விழுந்ததில் தலையில் அடி. கண் விழித்தபோது மகன் இறந்த செய்தி மட்டும் நினைவில் இருந்தது. மகனுடைய முகம் இல்லை. பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவரிடம், "நீங்க அவன்கூட வேலை பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டாராம்.

அம்மாவைக் கவனிக்க அவர் வேலையை விட்டுவிட்டார். அவருடைய வரி ஃபைலிலிருந்து நீக்கப்பட்டது. இனி தேவையில்லை என்பதால் மறைந்தோர் பகுதியில் நான் எழுதியதையும் எடுத்துவிட்டேன். மேலே ஒரே ஒரு முகுந்தன் மிஞ்சினார். மறுநாள் காலை என் தலையணைப் பக்கம் சத்தம் கேட்டது.

தவறுதலாக நடந்ததா என்பதுதானே உங்கள் கேள்வி. இல்லை. ஏ/எல்லுக்குப் பின்னால் இருப்பது படிக்கப்படாது என்று தெரிந்துதான் எழுதினேன். செய்தி யாருக்குப் போகும் என்றும் தெரியும். ஆனால் இதில் நான் ஒருவரையும் இழக்கச் செய்யவில்லை. மகன் அம்மாவோடுதான் இருக்கிறார். முன்பு பெருநாளுக்குத்தான் போவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் செமினிக்குப் போகிறேன். பவுனம்மாளுக்கு இடியப்பம் பிடிக்கும். முகுந்தனைப் பற்றிக் கேட்பார். அவன் எப்படிச் சிரிப்பான், எவ்வளவு சோம்பேறி என்றெல்லாம் சொல்லுவேன். கைப்பேசியில் அன்றைய செய்தியைக் காட்டுவேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவார். எனக்கும் என் கணவரைப் பற்றிப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

போன வாரம் மாரிமுத்துவின் மகன் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பவுனம்மாள் என் காதருகே குனிந்தார்.

"இந்தத் தம்பி நல்லா பாத்துக்குது. பேரு கேட்டா மட்டும் என் மகன் பேரச் சொல்லுது. உனக்குத் தெரியுமா, இவரு பேரு என்ன?"

அவர் தட்டோடு அங்கேயே நின்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். வயதானவர்களைக் குழப்பக் கூடாது.