நடுவில் நுழைந்த கை

மாலை ஏழு மணி. வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவில் பிப்ரவரி மாதம் அது நல்ல இருட்டு. கடலோரச் சாலையில் மர்யூன் ஊர் மண்டபத்துக்குத் தனியாக நடந்துகொண்டிருந்தாள். பின்னால் சளக்... சளக்... ஈரப் பூட்ஸ் சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது.

இவள் நம் கூட்டாளி யாக்குப்பின் பெரியம்மா மகள். அவன் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே விடமாட்டான். கிட்ட வந்து உட்காருங்கள்.

மீன்பிடிக்கப் போன அவள் புருஷன் ஹோக்னி திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கூடப் போன தும்மாஸ் மட்டும் கரையேறினான். "அலை அடிச்சுட்டுப் போயிருச்சு. கை எட்டல," என்றான். மர்யூன் அழவில்லை. பசிகூட எடுக்கவில்லை. நிஜமாகவே எட்டவில்லையா என்ற கேள்வி மட்டும் மரத்துப்போன மனசுக்குள் கிடந்தது.

அன்று ஊர் மண்டபத்தில் பாட்டு. வாத்தியம் கிடையாது. எல்லோரும் வட்டமாகக் கைகோர்த்து, பழங்கதையைப் பாடிக்கொண்டே தரையை மிதிப்பார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். நடுவில் ஒரு கை நுழைந்தால் பிடித்துக்கொள்ள வேண்டும், யார் என்று கேட்கக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம்.

"வாடி, வீட்டுக்குள்ளயே கிடந்து என்னத்தக் கண்ட?" ஓலுவா அக்கா இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். மர்யூனின் இடப்பக்கம் தும்மாஸ். அவன்தான் முன்பாட்டுக்காரன், அடி எடுத்துக் கொடுப்பவன்.

தொம்... தொம்... பலகை அதிர்ந்தது. பாதிப் பாட்டில், அவளுக்கும் தும்மாஸுக்கும் நடுவே ஒரு கை நுழைந்தது. பழக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

ஈரம். பனிக்கட்டிக் குளிர். அழுகின கடற்பாசியும் டீசலும் சேர்ந்த நாற்றம். சுண்டுவிரல் கோணல்... வலை இழுக்கும் இயந்திரத்தில் ஹோக்னிக்கு நசுங்கிய விரல் அது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயமும் வரவில்லை. இடக்கை மெல்ல மெல்ல மரத்தது.

தும்மாஸ் பார்த்துவிட்டான். பாட்டைப் பாதியில் நிறுத்தினான். அப்படி யாரும் நிறுத்தியதே இல்லை. எல்லோரும் கையை விட்டார்கள். மர்யூனின் இடக்கை வெறுமையாக இருந்தது. தும்மாஸின் வலக்கை மட்டும் காற்றில் எதையோ பிடித்தபடி நீண்டு நின்றது.

"என்னப்பா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று யாரோ கேலி செய்தார்கள்.

அவன் கால்கள் கதவுப் பக்கம் இழுபட்டன. "மர்யூன்... அன்னிக்கு அவன் என் கையப் பிடிச்சிட்டான். நானும் முழுகிருவேன்னு உதறிட்டேன். இப்ப அவன் விடமாட்டேங்கிறான்..." இடக்கையை அவளிடம் நீட்டினான். "பிடிச்சுக்கோ."

எட்டும் தூரம்தான்.

கதவு திறந்தது. சளக்... சளக்... அப்புறம் கடல் சத்தம் மட்டும். தும்மாஸின் உடலும் கிடைக்கவில்லை.

இடக்கை மரத்துப்போய் விரல் மடங்கவில்லை என்றுதான் மர்யூன் இன்றும் சொல்கிறாள். அவளுடைய வலக்கைக்கு என்ன ஆயிற்று என்று ஊரில் யாரும் கேட்பதில்லை.