பழைய பதிப்பின் ஆயுசு

— அதனாலதான் சார் கெஞ்சறேன். உங்க நிரலோட ஆயுசும் பல பேரோட நிரலைச் சேர்த்து நாங்க வெளியிடற லினக்ஸ் தொகுப்போட ஆயுசும் ஒண்ணா முடியணும். ஒரே வண்டி, ரெண்டு மாடு. ஒரு மாடு பாதி வழியில படுத்துட்டா?

— படுக்கப்போற மாடு நான்தானா, தலைவரே?

— சேச்சே, அது உவமை சார். ஏப்ரல்ல எங்க புது வெளியீடு. அஞ்சு வருஷம் தாங்கும்னு ஊருக்கே வாக்குக் கொடுத்தாச்சு. உள்ள இருக்கிற ஒவ்வொரு நிரலும் அதே அஞ்சு வருஷம் தாங்கணும். ஓட்டை விழுந்தா எழுதினவங்கதானே அடைக்கணும்? உங்க கடிகார நிரல் நின்னா ஆஸ்பத்திரியில இருந்து ரயில் வரைக்கும் மணி தெரியாம முழிக்கும். சரித்திரம் நம்மை மன்னிக்காது!

— சரித்திரத்துக்கு வேற வேலை இருக்கும். புதுப் பதிப்பு வருது, அதை எடுத்துக்குங்க. பழசை இந்த மாசத்தோட மூடறேன், இனி அதுல ஓட்டை அடைக்க மாட்டேன்.

— புதுசு இன்னும் அரைவேக்காடு சார். அடுத்த வாரம் நாங்க கதவைச் சாத்தறோம். சாத்தின பிறகு புது நிரல் என்ன, ஒரு எறும்புகூட உள்ள நுழைய முடியாது. அதுதான் எங்க பெருமை.

— போன தடவை தொகுப்பைக் கம்ப்யூட்டர்ல ஏத்தற நிரலையே வெளிய விட்டுட்டுச் சாத்தினீங்களே, அந்தப் பெருமையா?

— அது... ஒரு அனுபவம். பழசை ஏன் சார் மூடணும்? நல்லாத்தானே ஓடுது?

— ஓடறதுதான் தொந்தரவு. அந்த மூலையில ஒரு கம்ப்யூட்டர், முன்னால ஒரு நாற்காலி தெரியுதா? ரெண்டும் அண்ணனோடது. பழைய பதிப்பு மொத்தமும் அவர் எழுதினது. நான் ஒரு ஓட்டையை அடைச்சா, அந்தக் கம்ப்யூட்டர் தானாவே அவரோட டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு, அவர் பேர்லயே பட்டியல்ல இருக்கிற எல்லாருக்கும் மெயில் அனுப்பும். அந்தப் பட்டியல்ல எங்க அண்ணியும் ஒருத்தர்.

— குடும்பமே சேவையில இருக்கு! நெஞ்சு நெகிழுது.

— அண்ணன் செத்து ரெண்டு வருஷமாச்சு, தலைவரே.

— என்னது?

— மெயில் போற அன்னைக்கு அண்ணி இந்த அறைக்கு ரெண்டு தட்டு சாப்பாடு கொண்டு வர்றாங்க. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணை அந்த நாற்காலிக்கு முன்னால வச்சுட்டுப் போறாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல.

— சார், என்னைக் குழப்பாதீங்க. போன மாசம் அவர் எனக்குப் பதில் போட்டாரே!

— யாரு?

— உங்க அண்ணன். "அஞ்சு வருஷந்தானே ராஜா, தாராளமா தாங்கறேன்"னு. கையெழுத்தைக்கூட சரிபார்த்தேன். மாநாட்டு மேடையில வாசிச்சேன் சார், கைதட்டல் அடங்கவே இல்ல.

— ராஜான்னா எழுதியிருந்தது?

— ஆமாம். என்மேல ஒரு மரியாதைன்னு எடுத்துக்கிட்டேன்.

— அண்ணன் மண்டுன்னு நினைக்கிற ஆளை மட்டும்தான் ராஜாம்பார்.

— அப்படியா... இருக்கட்டும். இறந்தவர் கொடுத்த வாக்கு செல்லும்தானே சார்? உயிரோட இருக்கிற ஒருத்தரும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதில்ல.

— இது அண்ணி வேலை. அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் போறது இந்த வீட்ல அவங்க ஒருத்தர்தான். இதுக்குத்தான் மூடணும்ங்கறேன். போனவரை அவங்க எத்தனை நாள் தலையில சுமப்பாங்க? அண்ணி! கொஞ்சம் மேல வாங்க!

— வந்துட்டேன் தம்பி, டீயோடதான் வர்றேன். எடுத்துக்குங்க சார். என்ன, முகமெல்லாம் வேர்த்திருக்கு?

— ஃபேன் காத்து பத்தலம்மா.

— அண்ணி, ஒளிக்காம சொல்லுங்க. அண்ணன் பேர்ல இவருக்கு வாக்குக் கொடுத்தது நீங்கதானே?

— நானா? அதைத் தூசி தட்டறதோட சரி. எந்தப் பொத்தானை அமுக்கணும்னுகூட எனக்குத் தெரியாது. என்னமோ போங்க, பழசை மூடறதா இருந்தா இன்னைக்கே மூடிடுங்க. நானே கேட்கணும்னு இருந்தேன்.

— உங்களுக்காகத்தானே மூடறேன்! அந்த மெயிலைப் பார்த்துட்டு அவருக்குச் சாப்பாடு வைக்கிறீங்களே...

— அந்த மெயிலை நான் பிரிச்சே பல மாசமாச்சு, தம்பி. கேட்கிறதால வைக்கிறேன்.

— யாரு கேட்கிறது?

— மெயில் போற அன்னைக்கு இந்த அறையில இருந்து அவர் குரல் வரும். "ஏ புள்ள, தம்பிக்கும் சேர்த்துக் கொண்டா"ன்னு. மொத நாள் விழுந்தடிச்சு ஓடி வந்தேன். அந்த நாற்காலியில நீங்க உட்கார்ந்திருந்தீங்க.

— அப்போ எனக்குப் பதில் எழுதினது...

— வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே தட்டினார் சார். ராஜான்னு சொல்லிட்டு அவர் மாதிரியே ஒரு சிரிப்பு. நான் வாசப்படியில நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.

— பொய். அந்த நாற்காலியை நான் தொட்டதே இல்ல. அண்ணன் தட்டை நான் ஏறெடுத்துப் பார்த்ததுகூட இல்ல.

— ரெண்டு தட்டும் காலியாத்தான் கீழ வருது, தம்பி.

— சார்... சார், எங்க எழுந்து போறீங்க? அது உங்க அண்ணன் நாற்காலி சார்!

— தம்பி கிடக்கான், விடு புள்ள. நீ டீயைக் குடி ராஜா, ஆறுது. அஞ்சு வருஷந்தானே? தாராளமா தாங்கறேன்.