மைதானத்தில் நின்ற வெள்ளம்

தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசிக் காலை. அவிநாசி சாலையில் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"ஊட்டுக்குள்ள தண்ணி வரலைன்னு எங்க ஊட்டுக்காரரு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்காரு அம்மணி" என்றார் மூத்தவர்.

இளையவர் சிரித்துவிட்டார். "வரலைன்னா சந்தோசந்தானுங்களே அக்கா?"

"நேத்து மழை புடிச்சதும் அரிசி மூட்டை, டிவி எல்லாத்தையும் ஒத்தையா அட்டாலிப் பரண் மேல ஏத்திப்போட்டாரு. பள்ளத்துத் தண்ணி வாசப்படிக்கே வரலை. இப்ப இடுப்பு வலிங்கறாரு."

மூத்தவருக்கு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை. அதன் வழியாக ஓடிவரும் 'பள்ளம்' எனும் ஓடையின் கரையில்தான், சற்றுக் கீழே, அவர் வீடு.

"சித்திரையில மைதானத்துக்கு இஞ்சினியரு வந்து, பள்ளத்த நேராக்கித் தண்ணிய வேகமா ஓட்டிப்போடலாம்னாரு. நான் போயி, 'சாமி, வேகமா ஓட்டுனீங்கன்னா அது நேரா என்ற ஊட்டுக்குத்தானுங்க வரும். இங்கயே அகலமா வெட்டி நிக்க உடுங்க'ன்னேன்."

"கேட்டுக்கிட்டாருங்களா?"

"சிரிச்சாரு. அடுத்த நாளு ஊட்டுக்கே வந்து, செவுத்துல தண்ணி நின்ன கறையப் பாத்தாரு. அப்புறம் சிரிக்கல. மைதானத்துலயே ரெண்டு எடத்துல குளமாட்டம் வெட்டிப்போட்டாரு."

"அப்ப இன்னைக்கு அங்கெல்லாம் தண்ணி நிக்குமேங்க. எப்படிப் புல்லு வெட்டுவீங்க?"

"இன்னைக்கு வேலை இல்லைன்னுட்டாங்க."

"பின்ன எதுக்குங்க போறீங்க?"

அவர் இறங்குவதற்கு எழுந்துகொண்டார்.

"இத்தன வருசமா என்ற ஊட்டுல நின்ன தண்ணி, அங்க எப்படி நிக்குதுன்னு ஒருக்காப் பாத்துப்போட்டு வாரேன் அம்மணி."