இடது கால் படம்

பொண்ணு: காலை ஆட்டாத சித்தி. மருந்து ஏறிக்கிட்டு இருக்கு.

சித்தி: சூடா ஓடுதுடி... முழங்கால் வரைக்கும்.

டாக்டர்: அப்படித்தான் இருக்கும்மா. இந்த மருந்து போனாத்தான் எக்ஸ்ரேல நரம்பு தெரியும்.

சித்தி: இவளை வெளிய அனுப்புங்களேன் டாக்டர். எக்ஸ்ரே படாம இருக்க அந்தக் கனமான கோட்டை மாட்டிக்கிட்டு எதுக்கு நிக்கறா?

பொண்ணு: ஊசியைப் பார்த்ததும் என் கையைப் புடிச்சவ யாரு? நகம் பதிஞ்சிருக்கு பாரு.

டாக்டர்: ரெண்டு பேரும் பேசாம இருங்க... மூச்சைப் புடிங்கம்மா... ம்... விடுங்க.

சித்தி: புதன்கிழமை ஆபரேஷன் உண்டுல்ல? இந்த நரம்புப் புடைப்பையெல்லாம் எடுத்துட்டா, பழையபடி நின்னு இஸ்திரி போடுவேன்.

டாக்டர்: கொஞ்சம் பொறுங்க... இந்தத் திரையைப் பாருங்க. உள்ள இருக்கற பெரிய ரத்த நரம்பு தடிமனா ஒரே கோடா தெரியணும். தொடைகிட்ட அறுந்து அறுந்து நிக்குது.

பொண்ணு: அடைப்பா டாக்டர்?

டாக்டர்: பழைய அடைப்பு. அதனாலதான் மேல இருக்கற நரம்பு எல்லாச் சுமையும் தாங்கிப் புடைச்சிருக்கு. அதையும் எடுத்துட்டா ரத்தம் திரும்ப வழி இல்ல.

சித்தி: காலம் பூரா நின்னே வேலை பார்த்தா... அப்படித்தான்.

டாக்டர்: நின்னதால இப்படி அடைக்காது. எப்பவாவது இந்தக் கால் மொத்தமா வீங்கிப் படுத்தீங்களா?

சித்தி: ...இல்ல.

டாக்டர்: எலும்பு முறிவு? பெரிய ஆபரேஷன்?

சித்தி: ஒண்ணும் இல்லீங்க.

டாக்டர்: பிரசவம்?

சித்தி: கல்யாணமே ஆகலை டாக்டர். அக்கா பொண்ணு இவ. இவளை வளர்த்ததோட சரி.

டாக்டர்: காரணம் இல்லாம அடைச்சிருந்தா, உள்ள வேற நோய் இருக்கான்னு தேடியாகணும். ஆயுசு பூரா மாத்திரை. அதுல வேற எங்கயாவது ரத்தம் கசியலாம். மறைக்காம சொல்லுங்கம்மா.

சித்தி: என்னத்தை மறைக்க... மாத்திரை குடுங்க. விழுங்கிட்டுப் போறேன்.

பொண்ணு: சித்தி...

சித்தி: நீ வெளிய போ.

பொண்ணு: உன் உசுரு சித்தி. விளையாட்டா?

சித்தி: என் உசுரு என்னோட. போன்னு சொன்னேன்ல... உனக்கு ஒண்ணும் தெரியாது.

பொண்ணு: எழுதிக்குங்க டாக்டர், பிரசவம்தான். என்னைப் பெத்தப்போ வீங்கின கால் அது. அம்மா கண்ணை மூடறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிட்டா, சித்தி... நீயா சொல்லுவேன்னுதான் இத்தனை வருஷம் வாயைத் திறக்காம இருந்தேன்.