பாஷ்க் வீட்டை வாங்க வந்த தம்பிக்கு

அட, உக்காரு தம்பி, என்ன அவசரம்? பாஷ்க் வீட்டை நீ வாங்கணும், அதுக்கு எனக்கு வேண்டாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லணும், அதானே? எங்க மலை வழக்கம் அப்படி. விக்கிறவன் முதல்ல பங்காளியைக் கேக்கணும், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரனை. அவன் வேண்டாம்னாத்தான் வெளியாளுக்கு. பாஷ்க் பங்காளிங்க எல்லாம் இத்தாலியில தட்டு கழுவுறானுங்க. மிச்சம் நான் ஒருத்தன். அதைக் கூட வந்து கேக்க அவனுக்கு வாயில்ல, உன்னை அனுப்பிட்டான். சரி, காப்பியைக் குடி.

விடுதி நடத்தப் போறியா? டிரானா மாதிரி பெரிய பட்டணத்துல வேற தொழிலே கெடைக்கலயா? எந்த ஊருன்னு தெரிஞ்சுக்கிட்டாவது வாங்கு. அதோ நிக்குதே கறுப்புப் பாறை, அது பேருதான் ஊருக்கும், குரிஸி. வேற எதையும் பேரா வைக்கற அளவுக்கு இங்க ஒண்ணும் இல்ல. குளிர்காலத்துல சூரியன் பத்து மணிக்கு எட்டிப் பாக்கும். இந்த மூஞ்சிகளையா பாக்க வந்தோம்னு ரெண்டு மணிக்கே எறங்கிடும். கீழ ஒரு ஓடை. கோடையில ஆட்டுக்கு நாக்கு நனையாது. பனி உருகுனா பாலத்தையே தூக்கிட்டுப் போகும். நடுவாந்தரமா இருக்கறதுன்னா என்னன்னு இங்க தண்ணிக்கும் தெரியாது, மனுஷனுக்கும் தெரியாது.

துருக்கிக்காரன் எங்களை ஜெயிச்சதே இல்லன்னு பாஷ்க் சொன்னானா? சொல்லுவான். படை மேல வரைக்கும் வந்துச்சு தம்பி. குதிரைக்குப் புல்லு இல்ல, புடிச்சுட்டுப் போக ஒரு கோழி இல்ல. தலையில அடிச்சுக்கிட்டுத் திரும்பிப் போச்சு. அதுக்குத்தான் இன்னும் பாட்டுப் பாடிக்கிட்டிருக்கோம். ஊரை உண்டாக்குனது ரெண்டு அண்ணன் தம்பி. வீரனுங்களாம்! கீழ் ஊருல ஆடு திருடி மாட்டிக்கிட்டு ஓடி வந்தவனுங்க. எங்க தாத்தா பாடுனா அவனுங்க தூக்கிட்டு வந்தது ஆடு. பாஷ்க் தாத்தா பாடுனா அது மூணு எதிரியோட தலை.

கம்யூனிஸ்ட் கட்சிக் காலம்? மலையைப் படிப்படியா வெட்டுங்க, கோதுமை வெளையும்னானுங்க. கை தட்டிக்கிட்டே வெட்டுனோம். மொத மழையில அத்தனையும் ஓடைக்குள்ள. அப்புறம், எதிரி வருவான்னு பதுங்குகுழி கட்டச் சொன்னானுங்க. கிறுக்குப் புடிச்ச எதிரி கூட இங்க வர மாட்டான். இப்போ அதுல என் ஆடு குட்டி போடுது.

பாஷ்க்கா? கழுதை. பத்தொம்பது வருஷமாப் பேச்சு இல்ல. ஏன்னு கேளு. கால்வாய்த் தண்ணி ராத்திரி முழுக்க என் முறை, சேவல் கூவுனா அவன் முறை. ஒரு நா பாக்கறேன், நல்ல இருட்டு, அடைப்பைத் திருப்பி வுட்டுட்டான். ஏண்டான்னா, சேவல் கூவிடுச்சாம். எந்தச் சேவல்? அவன் சேவல்! நெலா வெளிச்சத்தைப் பாத்துட்டுக் கூவுற ஜென்மம். ஊர்ப் பெரியவங்க கூடி சாராயம் குடிச்சுக்கிட்டே ராவு முழுக்கப் பேசுனாங்க. தீர்ப்பு என்னன்னா, சேவல்னுதான் வழக்கத்துல இருக்கு, யார் சேவல்னு இல்லியாம். பாத்தியா ஊரோட லட்சணத்தை?

அந்த வீடா? அவன் அப்பன் கட்டுனது, அவன் புத்தி மாதிரியே கோணல். ஓசியில குடுத்தாலும் எனக்கு எதுக்கு... ஏய், இரு இரு, எந்திரிக்காத. அதைப் பதிலா எடுத்துக்காத. நான் பேசுனது வீட்டைப் பத்தி. இன்னும் பதிலே சொல்லல.

அவன் ஷ்கோடர் டவுனுல மக வீட்டுக்குப் போறானாமா? மூணாவது மாடியா? நல்லா இருக்கட்டும். படிக்கட்டுல முட்டி தேயட்டும். நீ எப்படி, மே மாசம் தொறந்து அக்டோபர்ல பூட்டிட்டுப் போயிடுவ, இல்ல? நெனச்சேன்.

பனி விழுந்தா பாதை அடைச்சுக்கும் தம்பி. மத்தவங்க முன்னாடியே கீழ எறங்கிடுவாங்க, மார்ச் வரைக்கும் இந்த ஊருல ரெண்டே பேருதான். அவனும் நானும். போன ஜனவரியில கூரைப் பனி மொத்தமா சரிஞ்சு என் கதவை மூடிடுச்சு. காய்ச்சல் வேற, அடுப்பு மூட்டக் கூட எந்திரிக்க முடியல. என் புகைபோக்கியைத் தெனமும் பாப்பான் போலருக்கு, படுபாவி. புகை வரலன்னதும் மண்வெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டான். பொழுது சாயற வரைக்கும் தோண்டுனான். கதவு தொறந்துச்சு. என் மூஞ்சியைப் பாத்தான், காறித் துப்புனான், அடுப்பை மூட்டுனான், போயிட்டான். ஒரு வார்த்தை? ம்ஹூம். வைஞ்சிட்டாவது போயிருக்கலாம்ல?

அதனால வாங்கவும் மாட்டேன், வேண்டாம்னு சொல்லவும் மாட்டேன். போய் அவன்கிட்டயே சொல்லு. பதில் வேணும்னா அவனே வந்து, வாயைத் தொறந்து கேக்கட்டும்.