கண்ணை வைக்கிற இடம்

அம்மா: குருட்டுக் கேமராவைத் தலையில கட்டி அனுப்பியிருக்கீங்களே தம்பி! பொம்பளைப் பிள்ளைதானே, வாயைத் திறக்க மாட்டான்னு நினைச்சீங்களா?

கடைக்காரர்: அம்மா, கொஞ்சம் மெதுவா... கடையில நாலு பேர் நிக்கறாங்க.

அம்மா: நிக்கட்டும். அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.

மகள்: அம்மா... நான் பேசறேன்மா.

அம்மா: எங்க பேசற? வழியெல்லாம் ‘நான் பேசறேன், நான் பேசறேன்’னு வந்தா. உள்ள வந்ததும் கண்ணாடி அலமாரியை எண்ணிட்டு நிக்கறா. சொல்லு. சொல்லுடி!

மகள்: சார்... வெள்ளிக்கிழமை உங்ககிட்ட ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கிட்டுப் போனேன்ல? வீட்டுல வெச்சு எடுத்துப் பாருங்க, பிடிச்சா வாங்கிக்கலாம்னு...

கடைக்காரர்: ஆமா. முதல் கேமரா வாங்கறவங்க எல்லாருக்கும் அப்படித்தான் குடுத்து விடறேன். கையில பிடிக்காம எப்படித் தேர்ந்தெடுக்கறது? வேற எந்தக் கடையில இப்படிச் செய்வாங்க?

அம்மா: கெட்டுப்போனதைக் குடுத்து விட எந்தக் கடைக்குத்தான் கசக்கும்?

கடைக்காரர்: பாத்தீங்களா மேடம்? உதவி செஞ்சா இதான் மரியாதை.

மகள்: மங்கலா தெரியுது சார். கண்ணை வெச்சுப் பாக்கறோமே, அந்த இடத்துல. வெள்ளிக்கிழமை ராத்திரி பளிச்சுனு இருந்துச்சு. நேத்து வேலை முடிஞ்சு வந்து எடுத்துப் பாக்கறேன்... எல்லாம் பனி மூடின மாதிரி.

கடைக்காரர்: எடுத்த படமும் மங்கலா?

மகள்: இல்ல. படம் நல்லாத்தான் வருது. அதான் குழப்பமே.

கடைக்காரர்: கீழ போட்டீங்களா?

மகள்: என்னது?

கடைக்காரர்: இல்ல, கைதவறி... புதுசா பிடிக்கறவங்க...

மகள்: சார், நான் தண்ணி பரிசோதனை பண்ற லேப்ல வேலை பாக்கறேன். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கையில இருக்கறது எல்லாம் கண்ணாடிச் சாமான்தான். ஒண்ணு கைதவறினா அன்னைக்கு வேலையே போச்சு. என்னைப் பாத்து கீழ போட்டீங்களான்னு கேக்கறீங்க!

அம்மா: நல்லாக் கேளு.

மகள்: அன்னைக்கும் இப்படித்தான் சார். நான் கேட்டது டிஎஸ்எல்ஆர். நீங்க முதல்ல எடுத்து வெச்சது என்ன? ‘லேடீஸ் கைக்கு லேசா இருக்கும்’னு சிவப்புக் கலர்ல ஒரு பொம்மை.

கடைக்காரர்: பொம்மையா! அது எவ்வளவு நல்ல மாடல்னு...

மகள்: நான் லென்ஸ் பத்திக் கேட்டா நீங்க கழுத்துப் பட்டையோட கலரைப் பத்திச் சொல்றீங்க. எத்தனை மெகாபிக்சல்னு மட்டும் மந்திரம் மாதிரி திரும்பத் திரும்ப...

அம்மா: அப்பவே நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். போன்ல இல்லாத கேமராவா? எதுக்குடி உனக்கு இந்தப் பாரம், கழுத்துல கல்லைக் கட்டின மாதிரி?

மகள்: இங்க வந்தும் ஆரம்பிக்காதம்மா.

அம்மா: அவர்கிட்டயே கேளு. எதுக்கு வாங்கறா தெரியுமா தம்பி? தூரத்துல பாக்கணுமாம்!

மகள்: ஆமா, பாக்கணும். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சு, சொட்டுத் தண்ணியில நெளியறதையே பாக்கறேன். லீவு அன்னைக்காவது தலையைத் தூக்கி, ரொம்ப தூரத்துல இருக்கற ஒண்ணை... அது தப்பா?

அம்மா: தூரத்துல என்ன கொட்டிக் கிடக்கு?

மகள்: பாத்தாத்தானேம்மா தெரியும்!

அம்மா: வீட்டுல பக்கத்துல ஒருத்தி உக்காந்து ஊராருக்கு எல்லாம் துணி தைக்கறா. அவளைப் பாக்க மட்டும் நேரமில்ல.

மகள்: அநியாயமாப் பேசாத. தினமும் தெருமுனையில நின்னு, திரும்பி, உனக்குக் கையசைச்சுட்டுத்தானே பஸ் ஏறறேன்? எந்தப் பொண்ணு செய்யறா?

அம்மா: ம்... அசைக்கற, அசைக்கற.

மகள்: என்ன இழுக்கற?

அம்மா: ஒண்ணும் இல்ல. நீங்க கேமராவைப் பாருங்க தம்பி.

கடைக்காரர்: பாக்க விட்டாத்தானேம்மா! சண்டையை வீட்டுல முடிச்சுட்டு வரக்கூடாதா? இதையே கேட்டு ஒருத்தர் காலையிலேருந்து போன் மேல போன். தூரத்தை இழுக்கற லென்ஸோட, இந்த நிலைமையில இன்னொண்ணு எங்கிட்ட இல்ல. அவர் இப்ப வந்துடுவார். வேணுமா வேண்டாமா, ஒரு வார்த்தை.

மகள்: இதுக்காக எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கேன் தெரியுமா சார்? எனக்கு இதுதான் வேணும். ஆனா குறையோட எப்படி...

அம்மா: சரி பண்ணிக் குடுங்க. சும்மா மாத்தி அனுப்பலாம்னு பாக்காதீங்க. இதையேதான் சரி பண்ணணும்.

மகள்: நேத்துவரைக்கும் வேண்டவே வேண்டாம்னு சொன்ன?

அம்மா: அது நேத்து. காசு குடுத்து ஏமாறணுமா?

கடைக்காரர்: இன்னும் காசே குடுக்கலம்மா நீங்க. தள்ளுங்க, வெளிச்சம் வரட்டும்... ம். ஆமா, மங்கல்தான்.

அம்மா: ஒத்துக்கிட்டார் பாத்தியா!

கடைக்காரர்: இருங்க... அட! ஹஹ்ஹா... இதுக்கா இந்தக் கூப்பாடு?

அம்மா: என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு?

கடைக்காரர்: மேடம், இங்க பாருங்க. கண்ணு வைக்கிற இடத்துக்கு ஓரமா குட்டியா ஒரு சக்கரம் தெரியுதா? பாக்கறவங்க கண்ணு பவருக்கு ஏத்த மாதிரி திருகிக்கறது. படத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இப்ப கண்ணை வெச்சு, மெதுவாத் திருகுங்க...

மகள்: ஐயோ.

கடைக்காரர்: தெளிவா இருக்கா?

மகள்: எதிர்க்கடை பலகையில ஆணி கூடத் தெரியுது... சார், எனக்கு வெக்கமா இருக்கு. தினமும் காலையில லேப்ல இதே சண்டை போடறவ நான். ராத்திரி ஷிப்ட் பாக்கறவர் மைக்ரோஸ்கோப்பை அவர் கண்ணுக்குத் திருகி வெச்சுட்டுப் போயிடுவார். வந்ததும் அவரைத் திட்டிட்டேதான் எனக்குத் திருப்புவேன். அது எப்படித் தோணாமப் போச்சு...

கடைக்காரர்: கேமராவைக் கேமராவாவே பாத்தீங்க. அதான்.

மகள்: இல்ல சார். தோணாததுக்குக் காரணம் வேற. லேப்ல ரெண்டு பேர் பாக்கறோம். இதை நான் மட்டும்தானே பாத்தேன்?

அம்மா: பையில உரசித் திரும்பியிருக்கும்.

கடைக்காரர்: அப்படித் திரும்பாதும்மா. நகத்தால அழுத்தித் திருகணும். அதுவும் கொஞ்சநஞ்சமா? ஒரு பக்கக் கோடி வரைக்கும் போயிருக்கு. தூரம் தெரியாத கண்ணு யாரோ உக்காந்து நிதானமாத் திருகியிருக்காங்க.

அம்மா: உங்க கடையில வேலை பாக்கற யாராவது...

கடைக்காரர்: என் கடையை இழுக்காதீங்க! வெள்ளிக்கிழமை ராத்திரி பளிச்சுனு இருந்துச்சுன்னு உங்க பொண்ணு வாயாலதானே சொன்னாங்க?

மகள்: ஆமா. நேத்து நான் வேலைக்குப் போனப்ப மேசை மேல இருந்துச்சு. வீட்டுல இருக்கறது நாம ரெண்டு பேர்.

அம்மா: அதனால?

மகள்: அதனால ஒண்ணும் இல்ல. எண்ணிப் பாத்தேன்.

அம்மா: என்னடி எண்ணற? அந்தக் கருமத்தை நான் ஏன் தொடறேன்? எனக்கு வேலை இல்லையா? பள்ளிக்கூடச் சட்டை மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு!

மகள்: தொட்டேன்னு நான் சொல்லவே இல்லையே.

அம்மா: உன் பார்வை சொல்லுது!

கடைக்காரர்: அம்மா, தாயே... நான் ஒரு வழி சொல்றேன். இந்தச் சக்கரத்தால வீட்டுல சண்டை வேண்டாம். அந்தச் சிவப்பையே எடுத்துக்குங்க. அதுல கண்ணை வைக்கிற இடமே கிடையாது. பின்னாடி திரை, அதைப் பாத்து அமுக்கினாப் போச்சு. திருகவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

மகள்: எனக்கு வேண்டாம்னு அன்னைக்கே...

அம்மா: அதை உள்ள வைங்க தம்பி! ஓட்டையே இல்லாத கேமராவை வெச்சுக்கிட்டு நான் எங்க கண்ணை வைக்கிறது?

மகள்: யாரு?

அம்மா: நீ. நீ எங்க வைப்பேன்னு கேட்டேன்.

மகள்: நான்னு சொன்ன.

கடைக்காரர்: நான்னுதாம்மா சொன்னீங்க.

அம்மா: உங்களை யாராவது கேட்டாங்களா?

மகள்: நிஜமாவே தொட்டியா?

அம்மா: தொட்டா தேய்ஞ்சா போகும்? மங்கலா இருந்துச்சு. ஓரத்துல சக்கரம் இருந்துச்சு, திருகினேன். நூல் இழுத்துப் பிடிச்சா தையல் மெஷின்ல திருகறது இல்லையா? அப்படித்தான்.

மகள்: நீ கண்ணாடி போட்டிருக்கியேம்மா. கண்ணாடியோட பாத்தா உனக்கும் எனக்கும் ஒரே மாதிரிதானே தெரியணும்? திருக வேண்டிய அவசியமே இல்லையே.

கடைக்காரர்: கண்ணாடி பத்தலைன்னா திருகணும் மேடம்.

அம்மா: தம்பி, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?

மகள்: பவர் மாறலைன்னு டாக்டர் சொல்லிட்டார், இதே கண்ணாடி போதும்னுட்டார்னு சொன்னியே. மழைக்காலத்துல. நான் கூட வரேன்னதுக்கு வேண்டாம்னுட்டு, நீயா தனியாப் போயிட்டு வந்து...

அம்மா: சொன்னார்...

மகள்: எந்த டாக்டர்?

அம்மா: அதான்... கண்ணு டாக்டர்.

மகள்: எந்த டாக்டர்மா?

அம்மா: ரொம்பக் கூட்டமா இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்.

மகள்: பொய்! இத்தனை நாளா பொய்! தெரியாத கண்ணை வெச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டற, படி இறங்கற. இதுல இவர்கிட்ட குருட்டுக் கேமரான்னு சண்டை வேற!

அம்மா: கத்தாதடி. நாலு பேர் நிக்கறாங்க. ஊசியில நூல் கோக்கறது எனக்கு நல்லாத் தெரியுது. கிட்டத்துல இருக்கற எல்லாமே தெரியுது. என் பொழப்புக்கு அது போதும். தூரம் எனக்கு எதுக்கு?

மகள்: எதுக்கா? அப்புறம் நேத்து என் கேமராவை எடுத்து, கோடி வரைக்கும் திருகி, அப்படி எதைத்தான் பாத்த?

அம்மா: உன்னைத்தான்டி பாத்தேன், வேற எதை? தெருமுனையில எந்த நிழல் தெரிஞ்சாலும் நீதான் கையசைக்கறேன்னு நம்பி, மாடியில நின்னு தினமும் தோள் வலிக்கக் கையை ஆட்டிட்டு இருக்கேன். நேத்துதான் தெளிவாத் தெரிஞ்சுது... திரும்பறதும் இல்ல, கையசைக்கறதும் இல்ல, விறுவிறுன்னு போய் பஸ்ஸுல ஏறிக்கற! தம்பி, அந்த போன்காரரை வர வேண்டாம்னு சொல்லிட்டு இதைப் பையில போடுங்க. நாளைக்கும் பாக்கறேன் நான், இவ திரும்பறாளா இல்லையான்னு.