ஏழு முட்டைகள், முப்பத்தொன்றரை டிகிரி

முதல் தாளில் கண்ட பெயரும் முகவரியும் என்னுடையவையே. வயது ஐம்பத்திரண்டு. தொழில், குளிர்பதனப் பெட்டிகள் பழுதுபார்ப்பது. ஃப்ரிட்ஜ்காரர் வீடு எது என்று கேட்டால் தெருவில் சின்னப் பிள்ளைகூடக் காட்டும். தனியாக வசிக்கிறேன். என் மீது புகார் கொடுத்திருக்கும் ரொட்டிக்கடைக்காரர் என் கூடப்பிறந்த தங்கையின் கணவர். எனக்கு மச்சான். நாங்கள் இருவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது. உதவி ஆய்வாளர் கேட்க, எழுத்தர் எழுத, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் பின்வருமாறு சொல்கிறேன்.

நான் பதினைந்து வருடமாக உரிமம் பெற்று இரண்டு பாம்புகள் வளர்த்து வருகிறேன். விற்பவர்கள் பால் பைத்தான் என்பார்கள், பால் என்றால் பந்து. மலைப்பாம்பில் சிறிய இனம், விஷம் கிடையாது, பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். பெண்பாம்பை மகாராணி என்று கூப்பிடுவேன், ஏனென்றால் அவளுக்கு மனசு வந்தால்தான் சாப்பிடுவாள். ஊரையெல்லாம் குளிரவைக்கிறவன் வீட்டுக்குள் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று என் தங்கை கிண்டல் செய்வாள். எனக்கு இரண்டும் ஒரே வேலைதான். ஒரு டிகிரியைப் பிடித்து, அதை நகரவிடாமல் வைத்திருப்பது.

டிகிரியில் அப்படி என்ன இருக்கிறது என்று எழுத்தர் கேட்டதால் சொல்கிறேன். குளிர் மாதம் வந்ததும் கூண்டின் இரவுச் சூட்டை இருபத்தைந்துக்கு இறக்க வேண்டும். பகலில் ஒரு மூலை மட்டும் முப்பத்தொன்றில் இருக்கலாம். அப்படி இறக்கினால்தான் அவர்களுக்குப் பருவம் வந்துவிட்டது என்று புரியும். அதன் பிறகு ஆண்பாம்பை மூன்று நாள் உள்ளே விட்டு, எடுத்து, சில வாரம் கழித்துத் திரும்ப விட வேண்டும். கரு பிடித்தபின் பெண் ஒருமுறை சட்டை உரிப்பாள். உரித்த நாளிலிருந்து ஏறக்குறைய முப்பதாம் நாள் முட்டை இடுவாள். முட்டையை முப்பத்தொன்றரை டிகிரியில், ஈரம் குறையாமல், அறுபது நாள்வரை வைத்திருக்க வேண்டும். இட்டபோது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே கடைசிவரை மேலே இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைப்போம்.

மகாராணி ஆறு வருடம் முட்டையே இடவில்லை. இந்த வருடம் ஏழு இட்டாள். அவளுக்கு வயதாகிவிட்டது, இனி இடுவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றில் சூட்டுப்பட்டை பொருத்தி நானே செய்த பெட்டிக்குள், ஒரு சிறிய டப்பாவில் அவற்றை வைத்திருந்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்தைந்தாம் நாள். காலை ஒன்பது மணிக்கு எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. மின்வாரியத்தில் கேட்டதற்கு மூன்று நாள் ஆகும் என்றார்கள். அன்று விடாத மழை, வீட்டுக்குள்ளேயே இருபத்திரண்டு டிகிரி. அதன் பிறகு அடுப்பில் வெந்நீர் வைத்துப் பாட்டில்களில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். பதினோரு மணிக்கு இருபத்தொன்பது இருந்தது. ஒரு மணிக்கு இருபத்தேழு. இன்னும் நான்கைந்து நாளில் வெளியே வர வேண்டிய உயிர்கள் கண்ணெதிரே ஆறிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் மச்சான் கடையிலுள்ள ப்ரூஃபர் நினைவுக்கு வந்தது. அது மாவு உப்புவதற்காகச் சூடும் ஈரமும் வைக்கும் அலமாரி. கடை அடுத்த தெரு, வேறு மின்பாதை. அங்கே பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாக இரண்டு உண்டு. சிறியதை எட்டு வருடம் முன்பு பொருத்திக் கொடுத்தவன் நான்தான். வேலைக்காக அப்போது தந்த பின்கதவுச் சாவி என்னிடமே தங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் பேச வேண்டும். பேசவில்லை, அதனால் கொடுக்கவும் இல்லை. ஞாயிறு கடை விடுமுறை, அவர்கள் வெளியூர் போயிருந்தார்கள். தங்கையின் போனுக்கு இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. மச்சானுக்கே அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் வழியில்லை என்று பயந்தேன்.

அதன் பிறகு முட்டை டப்பாவைச் சாய்க்காமல் இரண்டு கையிலும் ஏந்தி, குடையைக் கழுத்திடுக்கில் பிடித்து, பத்து நிமிட வழியை அரைமணி நேரம் நடந்தேன். டப்பா நனையவில்லை, நான் நனைந்தேன். பின்கதவில் சாவியைப் போட்டதும் திரும்பியது. ஆறு வருடத்தில் அவர் பூட்டை மாற்றவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சிறிய ப்ரூஃபரை முப்பத்தொன்றரையில் வைத்து, ஒரு மணி நேரம் நின்று பார்த்து, டப்பாவை உள்ளே வைத்தேன். ‘முட்டை. திருப்ப வேண்டாம். கரண்ட் வந்ததும் எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு தாளில் எழுதி அதன் கதவில் ஒட்டினேன். வேறு எந்தப் பொருளையும் தொடவில்லை. அனுமதி இல்லாமல் நுழைந்தது உண்மை. அதை மறுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தங்கை போன் செய்தாள். “அண்ணே, அவரு போலீஸுக்குப் போயிட்டாரு. முட்டையப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு” என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன் பிறகு நிலையத்திலிருந்து அழைத்தார்கள். செவ்வாய் வந்தபோது உதவி ஆய்வாளர் வேறு பணியில் இருந்ததால் புதன் வரச் சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் கடை வழியாக மூன்று முறை நடந்தேன். உள்ளே போகத் துணிவு வரவில்லை. குப்பைத் தொட்டியை மட்டும் எட்டிப் பார்த்தேன்.

இன்று புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு உதவி ஆய்வாளர் என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். மச்சான் கைகட்டி நின்றார், என்னைப் பார்க்கவில்லை. சிறிய ப்ரூஃபர் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்றரை காட்டியது. என் தாளுக்குக் கீழே இன்னொரு தாள் ஒட்டியிருந்தது, அதில் மணியும் டிகிரியும் வரிசையாக எழுதியிருந்தன. திங்கள் காலையிலிருந்து நாற்பத்தெட்டு வரிகள். பெரும்பாலும் மச்சான் கையெழுத்து, சில என் தங்கையுடையது. குறைந்தது முப்பத்தொன்று புள்ளி மூன்று, கூடியது முப்பத்தொன்று புள்ளி ஏழு. இதை அப்படியே விட்டுவிட்டு, எல்லா மாவையும் பெரிய ப்ரூஃபரில் இரண்டு நடையாக வைத்து எடுத்திருக்கிறார். மூன்று நாளாகக் கடை இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறந்து, வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மச்சான் உதவி ஆய்வாளரைப் பார்த்து, “சார், கதவத் தொறந்து பாக்கச் சொல்லுங்க அவர. நான் ஒண்ணையும் தொடல” என்றார். திறந்து பார்த்தேன். ஏழு பென்சில் கோடுகளும் மேலே இருந்தன. ஒரு முட்டையில் கீறல் விழுந்து, அதில் விரல் நகம் அளவு மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு குமிழி விட்டது. மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். நான் அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளலாம்.

“இவ்வளவு பாத்துக்கிட்டவரு எதுக்குய்யா புகார் குடுத்தீரு?” என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அதற்கு மச்சான், “நான் கூப்பிட்டா வரமாட்டார் சார். நீங்க கூப்பிட்டா வந்துதானே ஆகணும்?” என்றார்.

ஆறு வருடத்துக்கு முன்பு என்ன நடந்தது என்று இந்த வழக்கில் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். அப்போது மகாராணி ஒன்பது முட்டை இட்டிருந்தாள். நான் வேலையாக வெளியூர் போனபோது மச்சானைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் ரொட்டிக்காரர், தட்டைத் திருப்பிவைத்துச் சுட்டே பழகியவர். எல்லாப் பக்கமும் சூடு படட்டும் என்று, நல்லெண்ணத்தோடு, நாற்பதாம் நாள் ஒன்பதையும் புரட்டிவைத்தார். ஒன்றும் பொரிக்கவில்லை. நான் அவர் கடை வாசலில் நின்று, வாடிக்கையாளர்கள் கேட்க, “ஒம்போது உயிரக் கொன்ன கை. இந்தக் கையால சுட்ட ரொட்டிய யாரு திம்பா?” என்று கத்தினேன். அன்றோடு பேச்சு நின்றது.

அதே வாரம் அந்த முட்டைகளை அறுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்தவை இருபது நாள் வளர்ச்சியிலேயே நின்றுபோயிருந்தன. மச்சான் தொடுவதற்கு முன்பே அவை செத்துவிட்டன. அதன் பிறகு பெட்டியைக் கழற்றினால், நான் பொருத்திய வெப்ப உணரி நழுவி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே இருந்த குளிரை உள்ளே இருப்பதாக நினைத்துப் பெட்டி சூடேற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒன்பதையும் கொன்றது என் கை. டிகிரி பிடிப்பதே பிழைப்பாக இருப்பவன் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஆறு வருடம் ஓடிவிட்டது. “இது வழக்குக்குத் தேவையில்லையே” என்று எழுத்தர் சொன்னார். எழுதித்தான் ஆக வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மச்சானிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மேலே கண்டது எனக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டது. அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துக்கொள்ளும்படி உதவி ஆய்வாளர் சொன்னார். எங்களோடு நிலையத்துக்கு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த மச்சான் அவ்வளவையும் கேட்டிருக்கிறார். எழுந்து வந்து கதவருகில் நின்று, என் முகத்தைப் பார்த்து, “ஆறு வருஷமா இத வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா இருந்தீங்க?” என்று கேட்டார். “ஆமா” என்றேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு, “உங்க தங்கச்சி போன் பண்ணினா. இன்னும் ரெண்டு முட்டை கீறியிருக்காம். சீக்கிரம் கையெழுத்தப் போட்டுட்டு வாங்க மச்சான், அதுங்களத் தூக்க எனக்குத் தெரியாது” என்றார்.

இதில் சொன்ன எதையும் நான் கூட்டவோ மறைக்கவோ இல்லை. படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். அவசரத்தில் போட்டதால் கோணலாக இருக்கிறது, ஆனால் என்னுடையதுதான்.

(ஒப்பம்)